பைகுல்லாவின் தீயணைப்பு நிலையம்

சித்திரை பிறக்கும் நாளன்று மாதுங்காவின் வீதிகளைக் காண வேண்டும். பொழுது புலரும் முன்னரே வாயிற்படிகளில் மாக்கோலம் விளங்கும். பூக்கடைகளில் மல்லிகைச் சரங்களுக்கு இடையே வேப்பம்பூவும் கிடைக்கும். மாங்காய்ப் பச்சடிக்கு வெல்லம் வாங்க மறந்தவர்கள் கடைக்கு விரைவார்கள். பிறந்த ஊரைவிட்டு எத்தனை மைல் வந்துவிட்ட போதிலும், அன்று ஒரு நாள் அது தமிழகத்து வீதியே ஆகிவிடும். பெரும்பாலும் ஏப்ரல் 14-ஆம் தேதியில் வரும் இந்நாளில், அங்கிருந்து சில மைல் தெற்கே, பைகுல்லாவிலுள்ள தீயணைப்புப் படையின் தலைமை நிலையத்தில் வேறொரு நிகழ்ச்சி நடைபெறுகிறது. அந்த முற்றத்திலுள்ள நினைவுச் சின்னத்தின் முன் சீருடை அணிந்த வீரர்கள் அணிவகுத்து நின்று மலர் வளையம் வைக்கிறார்கள். ஒரே நாளில் ஒரே நகரில் நிகழும் இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பவர் நம்மவரில் அதிகம் இரார். ஆகவே அந்த நிலையத்தின் வரலாற்றை நேயர்களுக்குச் சிறிது எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறிவிடுவோம். தீயணைப்பு வீரரைப் பம்பாய் மக்கள் நெடுங்காலமாக ‘பம்பாவாலா’ என்று அழைத்து வந்தனர். மராத்தியில் ‘பம்ப்’ என்றால் தீயணைக்கும் வண்டி. வீட்டில் வெந்நீர் போடும் செப்புக் கலத்துக்கும் அதுவே பெயர். நீர் இறைக்கும் கருவியைக் குறிக்கும் ‘போம்பா’ என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து அது வந்ததென்பர். பம்பாய்த் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறுவதற்கு முன் போர்த்துகீசியர் வசம் இருந்ததை நேயர்கள் அறிவார்கள். ஆட்சி போயிற்று, சொல் மட்டும் குளியலறையிலும் தீயணைப்பு நிலையத்திலும் தங்கிவிட்டது.

பம்பாய் எரிந்து எரிந்து வளர்ந்த நகரம் என்று சொன்னால் அது மிகையாகாது. 1803-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் கோட்டைக்குள்ளிருந்த கடைவீதியில் தீப்பற்றியது. மரத்தாலான வீடுகள் ஒன்றோடொன்று தோளுரசி நின்ற காலம் அது. கோட்டைக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழிந்தது. தீ ஆயுதக் கிடங்கை நெருங்கவே, அதைத் தடுக்க அதிகாரிகள் கையாண்ட உபாயம் இன்று நமக்கு வியப்பளிக்கும். எரிந்துகொண்டிருந்த பகுதியை ஒட்டிய வீடுகளைப் பீரங்கிக் குண்டுகளால் தகர்த்தார்கள்! நீரால் தீயை வெல்ல இயலாத ஊரில், தீக்கு இரையாக ஒன்றும் இல்லாமற் செய்வது ஒன்றே வழியாக இருந்தது. அப்பொழுது கவர்னராக இருந்தவர் ஜானதன் டங்கன். அழிவின் பின்னர் வீதிகள் அகலமாக்கப்பட்டன. வீடிழந்தவர் பலர் கோட்டைக்கு வெளியே குடியேறினர். நெரிசல் மிகுந்த இன்றைய வணிகப் பகுதிகள் பெருகியதற்கு அத்தீயும் ஒரு காரணமாகும்.

பின்னர் பருத்தி வந்தது. தக்காணத்தின் கரிசல் நிலங்களிலும் குஜராத்திலும் விளைந்த பஞ்சு மூட்டைகள் பம்பாயின் திறந்த வெளிகளில் மலைபோல் குவிந்தன. கோட்டையின் நடுவே இருந்த பருத்திக் களத்தால் நேரக்கூடிய தீயபாயத்தை எண்ணி, 1844-இல் அதனைக் கொலாபாவுக்கு மாற்றினர். இருபதாம் நூற்றாண்டில் அது ஸேவ்ரிக்குப் போயிற்று. பஞ்சுப் பொதியில் பற்றும் தீக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அழுத்திக் கட்டிய பொதிக்குள் அது சுடர்விடாமல், புகையும் அதிகம் காட்டாமல், பல மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும். மேலே நீரை ஊற்றினால் அணைந்ததுபோல் தோன்றும், உட்புறம் அணைந்திராது. இந்தக் குணத்தை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னால் நாம் சொல்லப்போகும் துயரம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

தீயை எதிர்க்க நகருக்கு இருந்தவை ஆதியில் கிணறுகளும் குளங்களும் தோல் வாளிகளுமே. 1860-இல் விஹார் ஏரியின் நீர் குழாய் வழியே நகருக்குள் வந்த பிறகே தெருவில் குழாய் பூட்டித் தீயணைப்பது கைகூடியது. அதுவரையிலும், அதற்குப் பின் சில காலமும், தீயணைப்பு என்பது போலீஸாரின் பல வேலைகளில் ஒன்றாகவே இருந்தது. திருடனைப் பிடிப்பவரே தீயையும் பிடிக்க வேண்டும் என்ற ஏற்பாடு எவ்வளவு தூரம் பயன் தந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1887-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அப்பொறுப்பு நகராட்சியின் கைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1890-இல், லண்டன் தீயணைப்புப் படையைச் சேர்ந்த நிக்கல்ஸ் என்பவர் தலைமை அதிகாரியாக நியமிக்கப்பட்டார்.

லண்டனிலிருந்து அதிகாரி வந்தார் என்பது சிறு செய்தியன்று. தீயணைப்பு நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணமே அவருடன் வந்தது எனலாம். அக்காலத்து லண்டன் படையில் வீரர்களுக்கு இன்றுள்ளதுபோல் வேலை நேரம், ஓய்வு நேரம் என்ற பிரிவு இல்லை. நிலையமே வீடு, இரவும் பகலும் கடமை. கப்பல்களில் வேலை செய்து பழகியவர்களையே விரும்பிச் சேர்த்தார்கள். உயரத்தில் ஏற அஞ்சாமை, கயிற்றைக் கையாளும் திறன், நள்ளிரவில் குரல் கேட்டவுடன் எழும் பழக்கம் ஆகிய மூன்றும் கடலோடிகளுக்கு இயல்பாக அமைந்தவை அல்லவா?

இப்படிப்பட்ட வாழ்க்கைக்கு ஏற்ற கட்டிடம் எவ்வாறு இருக்கும்? பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றை முதன் முறையாகக் காண்பவர் அதன் வளைவுகளையும் செங்கல் வேலையையும் பார்த்து, யாரோ ஒரு கனவான் ஆடம்பரமாகக் கட்டிய மாளிகை என்று நினைக்கக்கூடும். உண்மையில், அதன் ஒவ்வொரு உறுப்பும் ஒரே ஒரு கணக்கின்படி அமைந்தது. மணி அடித்ததற்கும் வண்டி தெருவில் இறங்கியதற்கும் இடையே எத்தனை விநாடி சென்றது என்பதே அக்கணக்கு.

கீழ்த்தளத்தின் முகப்பு முழுவதும் கதவுகளாக இருக்கும். சாதாரணமாக ஒரு கட்டிடத்தின் கதவு உள்ளே வருபவர்க்காக அமைவது. இங்கே அது வெளியே போகிறவர்க்காக அமைந்தது. எனவே அது தெருவை நேருக்கு நேர் நோக்கும், படி இராது, வண்டி திரும்பவோ பின்வாங்கவோ தேவைப்படாது. குதிரைகள் இழுத்த நாளில், வண்டியின் பின்புறத்திலோ பக்கத்திலோ லாயம் இருந்தது. மேற்கூரையிலிருந்து சேணம் தொங்கிக்கொண்டிருக்கும். மணியோசை கேட்டவுடன் குதிரைகள் தாமே வந்து வண்டியின் முன் நிற்கப் பழகியிருக்கும். கயிற்றைத் தளர்த்தினால் சேணம் அவற்றின் முதுகில் இறங்கும். மேல்மாடியில் வீரர்கள் உறங்குவர். படிக்கட்டில் இறங்குவதுகூடத் தாமதம் என்று கருதி, 1878-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் டேவிட் கென்யன் என்ற தீயணைப்பு அதிகாரி மாடித் தளத்தில் துளையிட்டு ஒரு கம்பத்தை நாட்டினார். அதைப் பற்றிச் சறுக்கி இறங்கும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. படிக்கட்டுகள் இருந்த இடங்களிலும் அவை சுருள் வடிவாக அமைந்ததற்குக் காரணம், மேலே சமைக்கும் மணத்தைத் தேடிக் குதிரைகள் ஏறி வந்துவிடாமல் தடுப்பதே என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதன் உண்மைக்கு நாம் பொறுப்பாளிகள் அல்லர்.

கோபுரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தொலைபேசி பரவாத காலத்தில், நகரின் எத்திசையில் புகை எழுகிறது என்று காண உயர்ந்த இடத்தில் ஒருவர் காவல் இருக்க வேண்டியிருந்தது. அக்காவலுக்கே கோபுரம் என்று பலர் எண்ணுவர். ஆனால் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. கித்தானால் நெய்த நீர்க்குழாய்களை நனைந்தபடி சுருட்டி வைத்தால் சில நாளில் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். அடுத்த தீயின்போது நீரின் அழுத்தம் தாங்காமல் கிழியும். ஆகவே ஒவ்வொரு தீக்குப் பின்னும் அவற்றைக் கழுவி, மடிப்பின்றி நீளமாகத் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். நம் நெசவாளர் ஊர்களில் சாயமிட்ட நூலை உலர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குழாயின் நீளத்துக்கு ஏற்பக் கோபுரத்தின் உயரம் அமைந்தது. கடல் கடந்த தமிழர் பலர் கண்டிருக்கக்கூடிய உதாரணம் ஒன்றும் உண்டு. சிங்கப்பூர் ஹில் தெருவில் செங்கல்லின் சிவப்பும் சுண்ணாம்பின் வெண்மையும் மாறி மாறித் தோன்ற நிற்கும் மத்திய தீயணைப்பு நிலையத்தின் காவற்கோபுரம், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எழுந்ததாகும்.

இத்தனையும் வெளிமுகம். உட்புறம் ஒரு முற்றம் இருக்கும். பயிற்சியும் அணிவகுப்பும் அங்கேதான். முற்றத்தைச் சுற்றிக் குடும்பங்களின் குடியிருப்பு. பம்பாயில் தீயணைப்பு வீரர்களுக்கு நிலையத்தை ஒட்டியே வீடு தரும் வழக்கம் நிலைபெற்றது. இதனைச் சலுகை என்று கருதலாகாது. ஆள் அருகில் இருக்க வேண்டும் என்ற அதே விநாடிக் கணக்கின் விளைவே அது. ஆனால் அக்கணக்கைப் போட்டவர்கள் எண்ணாத ஒரு பயன், அல்லது ஒரு சுமை, அதனால் நேர்ந்தது. வீரனின் மனைவியும் மக்களும் மணியோசையைக் கேட்கிறார்கள். வண்டி வெளியே போவதைப் பார்க்கிறார்கள். வண்டி திரும்பி வரும்பொழுது யார் யார் அதில் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்கிறார்கள்.

பைகுல்லா தலைமை நிலையமாக அமைந்ததன் பொருத்தம் வரைபடத்தை நோக்கினால் புலனாகும். தெற்கே பழைய கோட்டை, வடக்கே பருத்தி ஆலைகளின் புகைபோக்கிகள், கிழக்கே துறைமுகம். 1880-இல் பிரின்ஸஸ் கப்பல் துறையும், 1888-இல் விக்டோரியா கப்பல் துறையும் திறக்கப்பட்ட பின் நகரின் செல்வம் யாவும் அக்கிழக்குக் கரையில் வந்து இறங்கிற்று. மூன்று அபாயங்களுக்கும் நடுவே நிற்கும் இடம் பைகுல்லா.

1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற சரக்குக் கப்பல் விக்டோரியா கப்பல் துறைக்கு வந்து சேர்ந்தது. யுத்த காலம் அது. பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறையிலிருந்து புறப்பட்ட அக்கப்பலில் ஏறக்குறைய 1,400 டன் வெடிமருந்தும் குண்டுகளும் இருந்தன. பெட்டிகளில் பொற்கட்டிகளும் இருந்தன. வழியில் கராச்சியில் ஏற்றியவை சுமார் 8,700 பஞ்சுப் பொதிகள். அவற்றோடு எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், பழைய இரும்பு. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே அறையில் வைக்கலாகாது என்பது கப்பலோட்டிகள் யாவரும் அறிந்த விதி. யுத்தத்தில் இடம் கிடைப்பது அரிது, விதி நெகிழ்ந்தது. வெடிபொருள் உண்டென்று எச்சரிக்கும் செங்கொடியும் கப்பலில் ஏற்றப்படவில்லை.

ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. சித்திரை பிறப்பை ஒட்டிய நாள். பிற்பகல் இரண்டு மணி அளவில் இரண்டாம் எண் சரக்கறையிலிருந்து புகை எழுவதைக் கண்டனர். முதலில் துறையிலேயே இருந்த பம்புகள் நீர் பாய்ச்சின. பின்னர் நகரப் படையின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தலைமை அதிகாரி நார்மன் கூம்ஸ் நேரில் வந்து நின்றார். ஏறத்தாழ 900 டன் நீரைக் கப்பலுக்குள் ஊற்றினார்கள். தீ அணையவில்லை. புகையின் அடர்த்தியால் எங்கே எரிகிறது என்பதைக்கூடக் கண்டறிய முடியவில்லை. உள்ளே நிறைந்த நீர், எரியும் பஞ்சுப் பொதிகளை மிதக்கவைத்து, மேல் தட்டிலிருந்த வெடிமருந்தின் அருகே கொண்டு சென்றிருக்கலாம் என்பது பின்னர் கூறப்பட்ட விளக்கம். தீயணைக்க ஊற்றிய நீரே தீயைத் தூக்கிக் கொடுத்தது என்றால், அதைவிடக் கொடிய விதி வேறுண்டோ?

அந்த இரண்டு மணி நேரத்தில் கரையில் நடந்த விவாதங்களைப் படிக்கும்பொழுது நம் மனம் கொதிக்கிறது. கப்பலை அங்கேயே மூழ்கடித்துவிட வேண்டும் என்று வெடிமருந்து நிபுணர் கூறினார். அடியில் போதிய ஆழம் இல்லை என்ற பதில் வந்தது. கப்பலை வெளியே இழுத்துச் செல்லலாம் என்ற யோசனையும் எழுந்தது. துறைக்கு ஒரு மேலாளர். கப்பலுக்கு ஒரு மாலுமித் தலைவர். படைக்கு ஓர் அதிகாரி. தீயணைப்புக்கு ஓர் அதிகாரி. எல்லோர்க்கும் மேலாக நின்று ‘இதைச் செய்க’ என்று ஆணையிட ஒருவர் இல்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும், கப்பல் தட்டின் மீதும் கரையோரத்திலும் வீரர்கள் குழாயைப் பிடித்தபடியே நின்றார்கள். கப்பலின் இரும்புத் தகடுகள் பழுக்கத் தொடங்கின. 3.50 மணிக்குப் பெருஞ்சுவாலை எழவே, விலகும்படி சொல்லப்பட்டது. 4.06 மணிக்குக் கப்பல் வெடித்தது.

ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து மீண்டும் ஒரு வெடிப்பு. வெகு தொலைவில், சிம்லாவிலிருந்த நிலநடுக்கமானியில் அதன் அதிர்ச்சி பதிவாயிற்று. ‘ஜலபத்மா’ என்ற கப்பலின் பின்பகுதி கரையிலிருந்த கிடங்கின் மேல் தூக்கி எறியப்பட்டது. பத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன. எரியும் பஞ்சு ஆகாயத்திலிருந்து மழைபோல் குடிசைகள் மீதும் கிடங்குகள் மீதும் விழுந்தது. பொற்கட்டி ஒன்று ஒரு மைல் தொலைவிலிருந்த வீட்டு மாடியில் வந்து வீழ்ந்ததாம். இறந்தவர் தொகையை 800 என்றும் 1,300 என்றும் பலவாறாகக் கூறுகின்றனர். துறைமுகக் கூலிகளின் பெயர்களை எல்லாம் எழுதி வைத்திருந்தவர் யார்? ஆனால் ஓர் எண்ணிக்கை மட்டும் ஐயமற்றது. பம்பாய்த் தீயணைப்புப் படையில் உயிர் நீத்தவர் 66 பேர். கூம்ஸ் உயிர் பிழைத்தார். எஞ்சிய வீரர்கள், தோழர்களை இழந்த அதே மாலையில், பற்றி எரியும் நகருக்குள் மீண்டும் குழாய்களை இழுத்துச் சென்றனர். தீயைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று நாள்கள் ஆயின. இடிபாடுகளை அகற்ற ஏறத்தாழ 8,000 பேர் ஏழு மாதங்கள் உழைத்தனர்.

வானொலியில் பேசும் நமக்கு இங்கே ஒன்று உறுத்துகிறது. இந்தியாவின் தலையாய துறைமுகம் எரிவதை இந்திய வானொலி சொல்லவில்லை. தணிக்கை அதனைத் தடுத்தது. மறுநாள் அச்செய்தியை வெளியிட்டது ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி. நம் பத்திரிகைகளுக்கு விவரங்களை வெளியிட அனுமதி கிடைத்தது மே மாதம் இரண்டாம் வாரத்தில்தான். ஒரு மாத காலம், நாகப்பட்டினத்திலோ திருநெல்வேலியிலோ இருந்து பம்பாய்க்குப் பிழைக்கச் சென்றவரின் வீட்டார், துறைமுகத்தில் என்ன நேர்ந்தது என்பதை அச்சில் காணாமல் வதந்தியை நம்பியே இருந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 14 பின்னர் இந்தியா முழுவதற்கும் தீயணைப்புச் சேவை நாளாயிற்று. அன்று தொடங்கும் வாரம் தீயணைப்பு வாரமாக அனுசரிக்கப்படுகிறது. 1948-இல், விடுதலைக்கு மறு ஆண்டு, பம்பாய்ப் படையின் தலைமை முதன் முறையாக ஓர் இந்தியரிடம் வந்தது. ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கொண்டுவந்த பொற்கட்டிகளில் சில, பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும், துறையில் மண் அள்ளும்பொழுது கிடைத்து வந்தன.

குதிரைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே போய்விட்டன. மோட்டார் வண்டிகள் வந்தன. குழாய்களும் இப்பொழுது பூஞ்சை பிடிக்காத செயற்கை இழையால் ஆனவை; அவற்றுக்குக் கோபுரம் தேவையில்லை. வளர்ந்துவிட்ட வண்டிகளுக்குப் பழைய வாயில்கள் போதாமையால் நாட்டின் பல நகரங்களில் பழைய நிலையங்களை இடித்துக் கட்டுகிறார்கள். கட்டிடக் கலையில் விருப்பமுடைய நமக்கு அது வருத்தமே. ஆயினும் வாசல் சிறிதென்று ஏணி வண்டியை வெளியே நிறுத்திவைக்கச் சொல்ல எவர்க்கு மனம் வரும்? முற்றத்தையும் நினைவுச் சின்னத்தையும் காத்து, வாயிலை மட்டும் மாற்றுவதே தக்கது என்பது நம் கருத்து.

அந்தச் சின்னத்தின் முன் நிற்பவர்கள் பழைய துயரத்தை மட்டுமே நினைப்பதாகக் கருத வேண்டா. 2015-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் காலபாதேவியில் ‘கோகுல் நிவாஸ்’ என்ற பழைய மரக் கட்டிடத்தில் தீப்பற்றியது. கட்டிடம் சரிந்து விழுந்ததில் இரண்டு அதிகாரிகள் அங்கேயே மாண்டனர். படையின் தலைவர் சுனில் நேஸரிகரும் மற்றோர் அதிகாரியும் தீக்காயங்களால் பின்னர் மருத்துவமனையில் இறந்தனர். 1803-இல் எரிந்தவை எத்தகைய வீடுகளோ, அதே வகைதான் இதுவும்: நெருங்கிய தெரு, மரத் தூண்கள், மரத் தளம்.

மாதுங்காவிலிருந்தோ தாராவியிலிருந்தோ பைகுல்லா வழியே நாள்தோறும் செல்லும் நேயர்கள், அடுத்த சித்திரையில் பச்சடி உண்டு முடித்த பின் அந்நிலையத்தின் பக்கம் ஒரு முறை சென்று பார்க்கலாம். வண்டிகள் நிற்கும் கதவுகள் தெருவை நோக்கித் திறந்திருக்கும். நினைவுச் சின்னம் முற்றத்தில் இருக்கிறது.